செவ்வாய்க்கிழமை அழுகை

டிஸ்கி முதல்லயே: வயசு வந்தவங்களுக்கான விஷயம். ஆனா கிளுகிளுப்பு எதுவும் இல்லை. அதை எதிர்பார்த்து வந்தவங்க எஸ்கேப் ஆயிடுங்க :)

கட்டுறது, அடிக்கிறது, அடங்கிப் போறது... ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டு ஆடுற ஆட்டம்தான் பி.டி.எஸ்.எம். எனக்கும் அவருக்கும் அதுல விருப்பம் உண்டு. ஒரு சனிக்கிழமை ராத்திரி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஞாயிறு பூரா மிதந்துக்கிட்டு இருந்தேன். செவ்வாய் மதியம் ஆபீஸ்ல டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், காரணமே இல்லாம அழுகை முட்டிக்கிட்டு வருது. 'நான் அசிங்கமானவ, பிரிஞ்சுடலாம்'னு அவருக்கு மெசேஜ் அடிச்சு, அனுப்புறதுக்கு முன்னாடி எப்படியோ நிறுத்திட்டேன்.

இதுக்கு 'சப் டிராப்'னு பேரு. எண்டார்ஃபினும் அட்ரினலினும் இறங்குது, அவ்வளவுதான்னு சொல்லுவாங்க. எனக்கு அது பாதி பதிலாத்தான் படுது. அட்ரினலின் சில நிமிஷத்துலயே ரத்தத்தை விட்டுப் போயிடும். 2009-ல பிராட் சாகரின் குழு வெளியிட்ட ஆய்வுல, அடங்கிப் போறவங்களுக்கு ஆட்டத்தப்போ கார்டிசால் ஏறியிருந்துச்சு. நல்லாப் போச்சுன்னு சொன்ன ஜோடிகளுக்கு முடிஞ்சதும் நெருக்கம் கூடியிருந்துச்சு. சரி, அது அன்னிக்குக் கதை. மூணாம் நாள் அழுகைக்கு?

கல்யாணம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பின வீடு எப்படி இருக்கும்? வெறிச்சுனு. ஆனா அதை யார்கிட்ட வேணா சொல்லலாம். இதைச் சொல்ல முடியாது. தூக்கம் கெட்டது, உடம்பு வலி, அதுக்கு மேல மூடி வச்ச வெட்கம். எல்லாம் சேர்ந்துதான் இறக்குதுன்னு நினைக்கிறேன். 2022-ல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல, சம்மதத்தோட நடக்கிற இது நோய் இல்லை. மனசுதான் இன்னும் பட்டியலைத் திருத்தலை!

புதன்கிழமை அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எனக்கும் ரெண்டு நாளா என் கையைப் பார்க்கவே பிடிக்கலைம்மா"ன்னார். அடிக்கிறவங்களுக்கும் இறங்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அதனால என் கட்சி இதுதான்: போர்வை, தண்ணி, அணைப்போட 'ஆஃப்டர்கேர்' முடியக்கூடாது. மூணாம் நாள் ஒரு போன் கண்டிப்பா வேணும். அதுவரைக்கும் பிரிவு, சண்டைன்னு எந்த முடிவும் எடுக்கக்கூடாது. ஒண்ணு மட்டும் கவனம். சம்மதம் மீறப்பட்டிருந்தா அது டிராப் இல்லை; அந்தப் பேரைச் சொல்லி யாரும் உங்க வாயை அடைக்க விடாதீங்க. வாரக்கணக்கா சோகம் நீடிச்சா டாக்டரைப் பாருங்க.

உங்க செவ்வாய்க்கிழமை எப்படி? அனானியா வந்தும் சொல்லலாம்.