தளப்பெயரைக் காட்டிப் பணம் பறிப்போர்

"உங்கள் தளப்பெயர் காலாவதியாகின்றது. இன்றே பணம் செலுத்துக." புலம்பெயர் தமிழ்ப் பாடசாலையொன்றின் பொருளாளருக்கு இவ்வாறு ஒரு மின்னஞ்சல் வருகின்றது என்று கொள்வோம். டொமைன் எனப்படும் அந்தத் தளப்பெயரைப் பதிவு செய்த தொண்டர் எப்போதோ வேறு நகரம் சென்றுவிட்டார். எந்த நிறுவனத்தில் பதிவு செய்தார் என்பதைக் குழுவில் எவரும் அறியார். தளம் முடங்கிவிடுமோ என அஞ்சிப் பொருளாளர் பணத்தைக் கட்டிவிடுகின்றார். பெற்றோர் செலுத்திய சந்தா அது.

இந்தச் சூழ்ச்சி புதிதன்று. 2000களின் தொடக்கத்தில் இது தபால் உறையில் வந்தது. 'டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா' என்ற பெயரைக் கண்டால் அரசுத் திணைக்களம் என்றே தோன்றும். உண்மையில் அது கனடாவிலிருந்து இயங்கிய ஒரு வணிகம். கடிதம் பார்வைக்குக் கட்டணச் சீட்டு; கட்டணச் சீட்டன்று என்னும் வரி உள்ளே ஒளிந்திருக்கும். பணம் கட்டியவர் புதுப்பித்ததாக எண்ணினார். தமது தளப்பெயரை அவர்கள் கைக்கு மாற்ற ஒப்பமிட்டதை அறியவில்லை. 2003 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நீதிமன்றத்தின் மூலம் இதற்குத் தடை பெற்றது. கடிதங்களோ நிற்கவில்லை. தளப்பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பு, தொடர்புடைய பதிவு நிறுவனத்தின் அங்கீகாரத்தை இடைநிறுத்தியது 2014 ஜூலையில்; அதுவும் 90 நாட்களுக்கு! பத்தாண்டுக்கு மேற்பட்ட உறக்கத்தைக் கண்காணிப்பு என்று எவ்வாறு அழைப்பது?

இன்னொரு வகை சீனாவின் பெயரால் வருவது. "உங்கள் பெயரை .சிஎன், .ஏசியா முகவரிகளில் பதிய ஒரு நிறுவனம் விண்ணப்பித்துள்ளது; ஆட்சேபம் உண்டா?" என்று பணிவாக வினவும். அப்படியொரு விண்ணப்பதாரர் இல்லை. முந்தி வந்தவருக்கே பெயர் என்பது பதிவின் பொது விதி. எவரும் எவரிடமும் முன்னனுமதி கேட்பதில்லை. பதறிப் பதிலெழுதுவோரிடம் அப்பெயர்களைப் பன்மடங்கு விலைக்கு விற்பதே நோக்கம்.

ஏமாந்தவரை விபரமறியாதவர் என இகழ்வது இலகு. கணக்காளரும் பொறியியலாளரும் கூட ஏமாறுகின்றனர். மோசடிக்காரனுக்கு வாய்ப்பாவது கல்வியின்மையன்று, சங்கங்களின் அசட்டை. மண்டப வாடகை ஒப்பந்தத்தைப் பூட்டிவைக்கும் நிர்வாகங்கள், தளப்பெயரை மட்டும் யாரோ ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் விட்டுவைக்கின்றன.

.காம், .ஓர்க் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் பதிவு நிறுவனமே நினைவூட்ட வேண்டும் என்பது ஐகானின் விதி. வேறெவரும் அனுப்பும் "இறுதி அறிவித்தல்" குப்பைக்குரியது. 2018இல் ஐரோப்பியத் தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உரிமையாளர் விபரம் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றது; பதிவு நிறுவனத்தின் பெயர் மறைக்கப்படுவதில்லை. ஐகானின் தேடல் பக்கத்தில் பாடசாலையின் மூத்த மாணவி ஒருத்தி அதனை இரண்டு நிமிடத்தில் கண்டறிவாள். அந்த ஒரு பெயர் கூட்டக் குறிப்பேட்டில் இருந்திருந்தால், பொருளாளர் அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்.