பஹாமாத் தீவின் சொந்தக் குரல்

பஹாமா என்றவுடன் உலகத்தாரின் மனக்கண்ணில் தோன்றுவன வெண்மணற் கரையும், நீலக் கடலும், குடை நிழலிற் சாய்ந்திருக்கும் உல்லாசப் பிரயாணியுமேயாம். ஏறக்குறைய 700 தீவுகளைக் கொண்ட அந்நாடு 1973ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி சுதந்திரம் பெற்றது. எனினும், அந்நாட்டை உலகுக்குக் காட்டும் சித்திரம் இன்றும் பெரும்பாலும் பிரயாணிகளின் விருப்பத்திற்கேற்பவே தீட்டப்படுகின்றது. அங்கு பிறந்து, உழைத்து, வாழ்ந்து மடியும் மக்களுக்கு அதில் இடம் மிகக் குறைவு.

இக்குறையைப் போக்க முயல்வோருள் ஒருவர் தமீக்கா கலானிஸ் என்னும் பஹாமியப் பெண்மணி. புகைப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு, பழைய ஆவணம் ஆகிய பலவற்றையும் இணைத்துக் கையாளும் கலைஞர் அவர்; அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். பிரயாணிகளுக்கென அலங்கரித்து வைக்கப்படாத வாழ்க்கையைப் பதிவு செய்வதே அவர் மேற்கொண்ட பணி.

அப்பணி அவரை வாஷிங்டன் நகரின் காங்கிரஸ் நூல்நிலையத்திற்கு இட்டுச் சென்றது. அங்குள்ள அலன் லோமாக்ஸின் நாட்டுப் பாடற் சேகரிப்பை ஆராய்வதற்கென ஏற்பட்ட உதவிநிதியை முதன்முதலாகப் பெற்றவர் இவரே. லோமாக்ஸ் 1935ஆம் ஆண்டில், தமது இருபதாவது வயதில், மேரி எலிசபெத் பார்னிக்கல் என்னும் பேராசிரியையுடன் பஹாமாவுக்குச் சென்றார்; அன்ட்ரோஸ் முதலிய தீவுகளில் மக்கள் பாடியவற்றை ஒலிப்பதிவு செய்தார். கடற்பஞ்சு எடுக்கும் தொழிலாளரின் பாடல்களும் அவற்றுள் அடங்கும். ஒருவர் அடியெடுத்துப் பாட, ஏனையோர் தாழ்ந்த குரலாலும் உச்சக் குரலாலும் இசை சேர்ப்பது அவர்தம் மரபு.

மூன்று ஆண்டுகளே சென்றன. 1938இற் கடற்பஞ்சுகளை ஒரு நோய் பற்றியது. பெரும்பகுதி அழிந்தது, தொழில் நொடிந்தது. தொழில் நலியவே அதனோடு வளர்ந்த பாட்டும் நலிந்தது. பேரப்பிள்ளைகள் கேட்கவேண்டிய குரல்கள் பிறநாட்டு நூல்நிலையமொன்றிற் தங்கின.

லோமாக்ஸ் செய்தது நற்பணியே. ஆயினும் யாரைப் பாடச் சொல்வது, எதைப் பதிவு செய்வது என்று தீர்மானித்தவர் வெளியிலிருந்து வந்தவர். அந்நாட்டு மகள் ஒருத்தி அதே ஒலியைக் கேட்குங்கால், பாடலோடு பாடியவரின் ஊரையும், உறவையும், பேச்சு வழக்கையும் சேர்த்தே கேட்கின்றாள். இதுவே இரண்டிற்குமுள்ள வேறுபாடு.

இதில் அவசரமும் உண்டு. பஹாமாவின் மிக உயர்ந்த குன்றே 63 மீற்றர்தான். 2019ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வீசிய டோரியன் சூறாவளி அபாக்கோ, கிராண்ட் பஹாமா ஆகிய தீவுகளைப் பாழாக்கி, ஆயிரக்கணக்கானோரை வீடற்றவராக்கிற்று. கடல்மட்டமும் உயர்ந்து வருகின்றது. நிலத்திற்கே ஆபத்து நேர்ந்துள்ள நாட்டில், மக்களின் நினைவைக் காப்பது வெறும் பொழுதுபோக்கன்று.

விருந்தினரை உபசரிப்பது நற்பண்பு. ஆனால், வீட்டின் வரலாற்றை எழுதும் பொறுப்பை விருந்தினரிடமே விட்டுவிடலாகாது. தம் முன்னோரின் குரலைத் தாமே தேடிச் செல்லும் இக்கலைஞரின் முயற்சியை நாம் உளமாரப் பாராட்டுகின்றோம்.