கையெழுத்துப் போடுமுன்...

பட்டறையில் கணவருக்கு அடிபட்டுவிட்டது என்று சேதி வந்தால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கொதிக்கிற உலையை அப்படியே இறக்கி வைத்து, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அந்த வேளையில் சட்டமாவது, நஷ்ட ஈடாவது! ஆனால் பாருங்கள், குடும்பத்துக்குச் சேரவேண்டிய பணம் கைக்கு வருமா, கை நழுவிப் போகுமா என்பது அநேகமாக அந்த முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் முடிவாகிறது. அப்போது கணவர் மயக்க மருந்தின் தூக்கத்தில் இருப்பார். வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஊர் அம்பத்தூர். சின்னப் பட்டறை ஒன்றில் பிரஸ் மெஷினில் வேலை பார்க்கிறார், முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். மெஷின் இறங்கியதில் ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது. மறுநாள் சூபர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், கையில் ஆப்பிள் பழமும் ஒரு கவருமாக. கவரில் இருபதாயிரம் ரூபாய். "முதலாளி கொடுக்கச் சொன்னாரம்மா. கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. போகட்டும், இந்தக் காகிதத்தில் மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்கிறார்.

சூபர்வைசர் பொல்லாதவர் அல்ல, சொன்னதைச் செய்கிறவர். நம் சகோதரிக்கோ மருந்துக் கடைக்குக் கொடுக்கவே கையில் பணமில்லை. "எவ்வளவு பெரிய மனசு!" என்று கண்ணில் நீர் தளும்பக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் காகிதத்தில், "என் கணவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்துக்கு முழுத் திருப்தியாகப் பணம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதியிருக்கும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் காலத்தில், 1923-ல் வந்த நஷ்ட ஈட்டுச் சட்டத்திலேயே இதற்கு ஒரு வழி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கிற சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் கணக்கின் போக்கு அதேதான். சம்பளத்தில் 60 சதவீதம் எடுக்க வேண்டும்: 7,200. அதை வயதுக்கென்று அட்டவணையில் கொடுத்திருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு அது 197.06. வருவது 14,18,832 ரூபாய். இது ஒரு வேலையுமே செய்ய முடியாதபடி முடங்கிப் போனவருக்கு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. ஆக, 1,98,636 ரூபாய். கட்டை விரலாக இருந்திருந்தால் 30 சதவீதம். நாலேகால் லட்சத்துக்கும் மேல்.

தையல்காரரின் விரலும் காவல்காரரின் விரலும் அட்டவணைக்கு ஒன்றுதான் என்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் இருபதாயிரம் எங்கே, இரண்டு லட்சம் எங்கே! வைத்தியத்துக்கு ஆன செலவு இதில் அடங்காது. அதைத் தனியே முதலாளி கொடுக்க வேண்டும். காயம் ஆறும்வரை வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு உண்டு.

"கவனமாக இருந்திருந்தால்" என்று சொன்னாரே, அதற்கு வருவோம். நம் வீடுகளில் பலரை வாயடைக்க வைப்பது இந்த ஒரு சொல்தான். சகோதரிகளே, இந்தச் சட்டத்தில் முதலாளியின் தவறு என்று நீங்கள் நிரூபிக்கவேண்டியதே இல்லை. வேலையின்போது, வேலையினால் அடிபட்டதா என்பதுதான் கேள்வி. கை தவறியது, கண் அயர்ந்தது என்பதெல்லாம் நஷ்ட ஈட்டைத் தடுக்காது. குடித்துவிட்டு மெஷினில் நின்றதாலோ, பாதுகாப்புக்காக வைத்த தடுப்பை வேண்டுமென்றே கழற்றியதாலோ நேர்ந்த விபத்து என்றால் முதலாளி மறுக்கலாம். அப்போதும்கூட உயிர் போயிருந்தாலோ, ஆள் ஒரேயடியாக முடங்கிவிட்டிருந்தாலோ அந்தச் சாக்கு செல்லாது.

அப்படியானால் அந்தக் கவரைத் திருப்பி அனுப்பிவிடுவதா? வேண்டாம். வீட்டில் கஷ்டம் இருக்கும்போது வீறாப்பு எதற்கு? வாங்கிக்கொண்டு, "வைத்தியச் செலவுக்காக இன்ன தேதியில் இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையாலேயே ஒரு ரசீது எழுதிக் கொடுங்கள். வெறும் காகிதத்திலோ, படித்துப் பார்க்க விடாத காகிதத்திலோ மட்டும் கையெழுத்து வேண்டாம். "அவர் கண் விழிக்கட்டும், கேட்டுச் சொல்கிறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

"நான் போன மாதமே போட்டுவிட்டேனே!" என்று சிலர் பதறுவது எனக்குக் கேட்கிறது. பயப்படாதீர்கள். நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக் கொடுத்ததாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனாலும் அந்தக் காகிதத்தைக் காட்டிக் காலத்தைக் கடத்துவார்கள். விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்தாக வேண்டும் என்று கெடு இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தொழிலாளர் துறை அதிகாரியிடமே மனுவைக் கொடுக்கலாம். வேலை பார்த்த ஊருக்கு அலைய வேண்டாம்.

இவ்வளவும் இ.எஸ்.ஐ. இல்லாத குடும்பத்துக்கு. இருந்தால் வழியே வேறு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2017-ல் வைத்த வரம்பின்படி, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் இதில் வருவார்கள். நம் மாநிலத்தில் 1955-ல் கோயம்புத்தூரில்தான் இது முதலில் தொடங்கியது. இதில் முதலாளியிடம் கை நீட்ட வேண்டாம், கார்ப்பொரேஷன் கொடுக்கும். காயம் ஆறும்வரை, தினச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம். நம் உதாரணக்காரருக்கு நாளொன்றுக்கு 360 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு மெடிகல் போர்டு விரலைப் பார்த்து இழப்பைத் தீர்மானிக்கும். 14 சதவீதம் என்றால் நாளைக்குச் சுமார் 50 ரூபாய், மாதம் 1,500 ரூபாய், ஆயுள் முழுவதும். அவர் திரும்ப வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் இது நிற்காது. மொத்தமாக இரண்டு லட்சம் வாங்குவது மேலா, மாதாமாதம் இது மேலா என்று கேட்டால், மொத்தப் பணம் வந்த வீட்டில் கடன்காரனும் கூடவே வந்து நிற்பான் என்பதால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. இ.எஸ்.ஐ. உள்ளவர் இ.எஸ்.ஐ.யில்தான் வாங்க வேண்டும். இரண்டையும் வாங்க முடியாது.

இங்கே ஒரு தந்திரம் நடக்கும். "அவர் சேர்ந்தே நாலு நாள்தான் ஆகிறது, இன்னும் பெயர் பதியவில்லை" என்பார்கள். வேலையில் நேர்ந்த காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. பெயரைப் பதியாதது முதலாளியின் தவறு. கார்ப்பொரேஷன் அதை அவரிடமே வசூலித்துக்கொள்ளும்.

அடிபட்டவர் காண்டிராக்டரின் ஆள் என்றால் காண்டிராக்டர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி காண்டிராக்டரைக் கைகாட்டும். கம்பெனியையே கேட்கலாம். அவர்களுக்குள் தீர்த்துக்கொள்வது அவர்கள் பாடு.

உயிரே போய்விட்ட வீட்டைப் பற்றிச் சொல்ல மனசு வரவில்லைதான். ஆனால் அங்கேதான் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அதே முப்பத்தைந்து வயது, அதே சம்பளம் என்றால் சம்பளத்தில் பாதியை 197.06-ஆல் பெருக்க வேண்டும், 11,82,360 ரூபாய். இந்தப் பணத்தை முதலாளி மாமனார் கையிலோ, மைத்துனர் கையிலோ கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்ல முடியாது. அதிகாரியிடம் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பள அளவுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். மனைவிக்கு எவ்வளவு, குழந்தைகளுக்கு எவ்வளவு, விதவைத் தாய்க்கு எவ்வளவு என்று அதிகாரி பிரித்துக் கொடுப்பார். "பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்கி உட்காராமல் விசாரணைக்கு நீங்களே போங்கள். இ.எஸ்.ஐ.யானால் மனைவிக்கு மாதாமாதம் ஒரு பங்கும், குழந்தைகளுக்கு ஒரு பங்கும் வரும். அவள் மறுமணம் செய்துகொண்டால் அவள் பங்கு நின்றுவிடும். இருபத்தைந்து வயதில் தாலி இழந்தவளுக்கு இப்படி ஒரு நிபந்தனை எதற்கோ!

தையல் கம்பெனிக்கும் பஞ்சாலைக்கும் போகிற சகோதரிகளே, இதெல்லாம் உங்களுக்கும்தான். ஊசி விரலில் ஏறினாலும் சரி, பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டாலும் சரி. வீட்டுக்கும் வேலைக்குமிடையே வழியில் நேரும் விபத்துக்கும் இடம் இருக்கிறது.

அடிபட்டால் அன்றைக்கே தொழிற்சாலையின் விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டால் "வேலையில், மெஷினில்" என்றே சொல்ல வேண்டும். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படி ஒரு வரி ஏறிவிட்டால் அதை அழிப்பது லேசல்ல. சம்பளச் சீட்டு இல்லையென்றால் வங்கிக் கணக்குப் புத்தகம் போதும். கையில் வாங்கும் சம்பளமானால் கூட வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்லட்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள்.

பிரசவ லீவு முடிந்து போனதும் வேறு வேலையில் போட்டுவிட்டார்கள் என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் அடுத்த இதழில்.