கல்லூரிச் செலவு: பீஸ் மட்டும் கணக்கல்ல

பிளஸ் டூ மதிப்பெண் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘அந்த காலேஜ்ல பீஸ் எவ்வளவு?’ என்பதுதான். தெரிந்தவர் யாராவது ஒரு தொகையைச் சொல்வார். அதை நான்கால் பெருக்கி, ‘சமாளித்துவிடலாம்’ என்று முடிவெடுத்துவிடுகிறோம். மூன்றாம் ஆண்டில் மெஸ் பாக்கிக்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும்போதுதான், அந்தத் தொகை டியூஷன் பீஸை மட்டுமே குறித்தது என்பது உறைக்கிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை. கவுன்சலிங் வழியாக வெளியூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை; உங்கள் கல்லூரிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

டியூஷன் பீஸ் ஆண்டுக்கு ரூ.55,000 என்றால் நான்கு ஆண்டுக்கு ரூ.2.2 லட்சம். ஹாஸ்டலும் மெஸ்ஸும் முதல் ஆண்டில் ரூ.80,000, ஆண்டுக்கு ரூ.5,000 கூடும் என்று வைத்தால் மொத்தம் ரூ.3.5 லட்சம். தேர்வுக் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம், சீருடை, லேப் செலவு ஆண்டுக்கு ரூ.15,000 வீதம் ரூ.60,000. மடிக்கணினியும் முதல் ஆண்டுப் புத்தகங்களும் ரூ.45,000. ஊருக்கு வந்துபோக ரூ.40,000. சோப்பு, மருந்து, ஜெராக்ஸ், செல்போன் ரீசார்ஜ் என்று கைச்செலவு ரூ.80,000. கூட்டினால் ரூ.7.95 லட்சம் வருகிறது. எல்லோரும் விசாரித்த டியூஷன் பீஸ் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் பலரையும் ஏமாற்றுவது மெஸ் கட்டணம். பல விடுதிகளில் ‘டிவைடிங் சிஸ்டம்’ இருக்கிறது. அதாவது, முதலில் ஒரு முன்பணத்தை வாங்கிக்கொள்வார்கள். பிறகு அந்தந்த மாதம் ஆன செலவை மாணவர்களின் தலைக்கு வகுத்து அதில் கழிப்பார்கள். காய்கறி விலை ஏறினால் பில்லும் ஏறும்; ஆண்டுக் கடைசியில் பாக்கி நிற்கும். கல்லூரி அலுவலகம் சொல்லும் தொகை முன்பணமாக இருக்கலாம். அங்கேயே படிக்கும் சீனியர் ஒருவரிடம் கடந்த ஆண்டு மெஸ்ஸுக்கு மொத்தம் எவ்வளவு கட்டினார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையே நம்பகமானது. வீட்டிலிருந்து போய்வரும் மாணவர்கள் ஹாஸ்டலுக்குப் பதிலாகக் கல்லூரிப் பேருந்துக் கட்டணத்தை எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் சிறிய தொகையல்ல.

அடுத்து, கழிக்க வேண்டியவை. உறுதியாகக் கிடைப்பதை மட்டும் கழிக்க வேண்டும். முதல் பட்டதாரி சலுகை தனியார் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு ரூ.25,000. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இது உண்டு. கவுன்சலிங்கில் இடம் பெற்றவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும். அரசுப் பள்ளி மாணவிகளுக்கென வந்த அந்தத் திட்டம் இப்போது உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. நம் உதாரணத்தில் முதல் பட்டதாரி சலுகையும் புதுமைப் பெண் தொகையும் சேர்ந்து நான்கு ஆண்டில் ரூ.1.48 லட்சம். மீதி ரூ.6.47 லட்சம். இதே பெண் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் டியூஷன் பீஸையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றிருக்கும், கணக்கே வேறாகியிருக்கும்.

உதவித்தொகை எவ்வளவு என்பதோடு எப்போது வரும் என்பதையும் பார்க்க வேண்டும். பீஸ் கட்டும் தேதி செமஸ்டர் தொடக்கத்தில் வந்துவிடும். உதவித்தொகையோ பல மாதம் கழித்துத்தான் கணக்கில் ஏறும். அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு செமஸ்டர் பணமாவது கையிருப்பு வேண்டும். இல்லாவிட்டால் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்க நேரிடும்.

கல்விக் கடனுக்குப் போகும்போது கல்லூரி தன் லெட்டர்ஹெட்டில் ஆண்டுவாரியாகத் தரும் கட்டண விவரத்தை வங்கி கேட்கும். அதில் உள்ளதை வைத்துத்தான் படிப்புக் காலம் முழுவதற்குமான கடன் முதலிலேயே அனுமதிக்கப்படுகிறது. விடுதிக் கட்டணம் அதில் விடுபட்டிருந்தால் இரண்டாம் ஆண்டில் போய்க் கூட்டிக் கேட்பது பெரும்பாடு. பீஸ், விடுதி, தேர்வு, புத்தகம், கணினி ஆகியவை கடனில் வரும். ஊருக்குப் போய்வரும் செலவும் கைச்செலவும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டப்படி ரூ.4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் போனால் 5 சதவீதம் போட வேண்டும். ரூ.7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

நம் குடும்பம் ரூ.4 லட்சம் மட்டும் கடன் வாங்குகிறது என்று வைப்போம். மிச்சம் ரூ.2.47 லட்சம். 48 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ரூ.5,000-க்குச் சற்று மேல். இவ்வளவு நேரம் கணக்குப் போட்டது இந்த ஒரு எண்ணுக்காகத்தான். இதை மாதாமாதம் எடுத்துவைக்க முடியுமா என்பதை அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

கடனின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வீதம், 10 சதவீதத் தனி வட்டியில் வாங்கினால், படிப்பு முடிந்து ஓராண்டு தவணை விடுப்பும் கழியும்போது வட்டி மட்டும் ரூ.1.4 லட்சம். ஆகத் திருப்பிக் கட்டவேண்டியது ரூ.5.4 லட்சம், பத்து ஆண்டில் அடைக்க மாதம் ரூ.7,100-க்கு மேல் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் சம்பளத்தில் இது கனமான தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி படிப்போருக்கு அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. ஆனால் கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

தமிழ்நாட்டில் டியூஷன் பீஸுக்கு வரம்பு விதிக்க ஒரு குழு இருக்கிறது. அதுபோல, நான்கு ஆண்டில் ஒரு மாணவர் கட்டவேண்டிய எல்லாத் தொகைகளையும், கடந்த ஆண்டின் உண்மையான மெஸ் பில் உட்பட, ஒவ்வொரு கல்லூரியும் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும். அது வரும்வரை அந்தப் பக்கத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கவுன்சலிங்கில் கல்லூரிகளின் வரிசையை உறுதிசெய்வதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.