ஒரு 'எஸ்' செய்த வேலை

எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவரின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மாலையில் பாடம் கேட்க என்னிடம் வருவாள். போன வாரம் வந்தவள் வாயே திறக்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. வகுப்பில் எழுந்து நின்று "மை ஃபாதர் கோ டு ஒர்க்" என்றிருக்கிறாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இனிமே இங்கிலீஷ்ல பேசவே மாட்டேன் தாத்தா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் "ஹி டோன்ட் நோ சார்" என்றேன். மேலதிகாரி அதை அப்படியே சொல்லிக் காட்ட, அறையே சிரித்தது. அதன்பின் ஓய்வு பெறும்வரை கோப்புகளில் பக்கம் பக்கமாக ஆங்கிலம் எழுதினேன். கூட்டத்தில் மட்டும் பேசியதில்லை. நியாயம் என் பக்கம் இருந்தபோதும் பேசியதில்லை.

அவளிடம் புத்தகத்தை மூடச் சொன்னேன். "'போ' என்பதை நான், நீ, அவன் என்று வைத்துச் சொல்லு" என்றேன். போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறார்கள், போகிறது, போகின்றன. பத்தையும் தடுமாறாமல் சொன்னாள். "இங்கிலீஷில் இதற்கு இரண்டுதான் அம்மா, கோ, கோஸ்" என்றேன். ஹி, ஷி, இட் என்றாலோ, ஒரே ஆளை, ஒரே பொருளைச் சொன்னாலோ 'கோஸ்'. மற்றதற்கெல்லாம் 'கோ'.

அப்படியானால் குழப்பம் எங்கே? பெயரில் 'எஸ்' சேர்ந்தால் பன்மை, வினையில் சேர்ந்தால் ஒருமை. 'பாய்ஸ் கோ', 'பாய் கோஸ்'. பிள்ளைக்குத் தலை சுற்றாதா? கேள்வியிலும் மறுப்பிலும் அந்த 'எஸ்' இடம் மாறி 'டஸ்' என்பதற்குள் புகுந்துகொள்ளும். வினை வெறும் 'கோ' ஆகிவிடும். 'டஸ் ஹி கோ', 'ஹி டஸன்ட் கோ'. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் விகுதிகள் கூடுதலாக இருந்தன. 1611-ல் வெளியான ஆங்கில பைபிளில் நீ என்றால் 'கோயஸ்ட்', அவன் என்றால் 'கோயத்'. தேய்ந்து தேய்ந்து மிஞ்சியது இந்த ஒரு 'எஸ்'. இங்கிலாந்திலேயே நார்ஃபோக் பக்கத்துக் கிராமப் பேச்சில் 'ஹி கோ' என்று சொல்லும் வழக்கம் உண்டு.

'எஸ்' வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் அது வேண்டும். ஆனால் தமிழில் பத்து விகுதிகளைச் சரளமாகச் சொல்லும் பிள்ளைக்கு அதிலிருந்தே தொடங்கிக் காட்டலாமே. அது பேசி முடிக்கட்டும், பிறகு திருத்துவோம். உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளை "ஹி கோ" என்றால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பு ஒரு மனுஷனை முப்பது வருஷம் ஊமையாக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.