வெளிநாட்டு ஃபெலோஷிப்: பாஸ்போர்ட்டைவிட வைவா தேதி முக்கியம்... ஏன்?

“ஐரோப்பிய ஃபெலோஷிப்னா ஐரோப்பாக்காரங்களுக்குத்தானே?” இப்படி நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் பிஎச்.டி. மாணவர்கள் இங்கே நிறையப் பேர். உண்மை வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப்புக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். அங்குள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றில் 12 முதல் 24 மாதங்கள் வேலை. இயற்பியல் முதல் வரலாறு வரை எல்லாத் துறைகளுக்கும் இடம் உண்டு.

பார்ப்பது எதை?

கடைசி தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், நீங்கள் போக விரும்பும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் இப்போதுதான் பிஎச்.டி. முடித்தவர் ஜெர்மனிக்கே விண்ணப்பிக்க முடியாது. மதுரையில் முடித்தவருக்கு அந்தச் சிக்கலே இல்லை!

ஓடும் கடிகாரம்

பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. குழந்தைக்காகவோ வேறு வேலைக்காகவோ ஆய்விலிருந்து விலகியிருந்த காலம் இந்தக் கணக்கில் வராது. பிரேக் எடுத்த பெண்கள் இதைக் கவனிக்கணும். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஃபெலோஷிப்புக்கு இந்த வரம்பு 6 ஆண்டுகள். ஜெர்மனியின் ஹம்போல்ட் போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப்புக்கு 4 ஆண்டுகள்.

எங்கே தொடங்குவது?

விண்ணப்பப் படிவத்தில் இல்லை, ஒரு இமெயிலில். கியூரி ஃபெலோஷிப்புக்கு, உங்களை ஏற்கத் தயாராக இருக்கும் பேராசிரியரோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும். கடைசி தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். எனவே ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிக் கேட்பது நல்லது. போட்டி கடுமை: 2025-ல் 17,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

பணம் எவ்வளவு கைக்கு வரும்?

அறிவிப்பில் இருக்கும் தொகை அப்படியே வராது. நாட்டுக்கு நாடு விலைவாசிக்கு ஏற்ப அது மாறும். வேலை தரும் நிறுவனத்தின் சமூகப் பாதுகாப்புப் பங்கும், உங்கள் வரியும் அதிலிருந்தே போகும். “நெட் எவ்வளவு?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்க. முதல் சம்பளத்துக்கு முன்பே விசா, டிக்கெட், வீட்டு அட்வான்ஸ் என்று கைக்காசு இறங்கும்.

தாமதத்தின் விலை

விதிகள் நமக்குச் சாதகமாக இருந்தும் பலர் தடுக்கிவிழும் இடம் உள்ளூரிலேயே இருக்கிறது. கியூரி விண்ணப்பத்தின் கடைசி தேதிக்குள் வைவா முடிந்திருக்க வேண்டும். ஆய்வேட்டை ஜனவரியில் கொடுத்தவருக்கு, தேர்வாளர் அறிக்கை வராததால் அக்டோபரில் வைவா நடந்தால் என்ன ஆகும்? ஒரு வருஷம் போச்சு. யுஜிசி-யின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு மொத்தக் காலமே 5 ஆண்டுகள். அது முடிந்தபின் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வருமானம் இல்லாத மாதம். வீட்டில் தாங்கிக்கொள்ள வசதி உள்ளவர் காத்திருப்பார். இல்லாதவர் கிடைத்த வேலைக்குப் போய்விடுவார். திறமையில் குறையே இல்லாமல் ஒருவர் ஆய்வை விட்டு வெளியேறுவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்யப் பெரிய நிதி தேவையில்லை. ஆய்வேடு சமர்ப்பித்த நாளிலிருந்து வைவா வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் பல்கலைக்கழகங்கள் காலக்கெடு வைக்கட்டும். ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்பதை மாணவர் ஆன்லைனில் பார்க்க முடியட்டும். உலகத்தோடு போட்டி போடச் சொல்கிறோம். ஓட்டம் தொடங்கும் நேரத்துக்காவது அவர்களை மைதானத்துக்கு அனுப்பி வைக்கணுமே!