பெயர் சிதைந்தால் பொருளும் சிதைந்ததாகுமா?

தமிழில் பெயரிட்ட கோப்பு, வேறொரு கணிப்பொறிக்குச் சென்றதும் புரியாத குறிகளாய்த் தோன்றுவதுண்டு. "கெட்டுவிட்டது" என்று உடனே அழித்துவிடுகிறோம். இது முறையாகுமா?

யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 'அ' என்னும் ஓர் எழுத்து மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. இதனை அறியாத மென்பொருள், அம்மூன்றையும் தனித்தனிக் குறிகளாகப் படித்துவிடுகிறது. பிழை படிப்பில்தானே தவிர, பொருளில் அன்று.

ஆகவே, அறிந்தவர் அனுப்பிய கோப்பாயின், அழிக்குமுன் திறந்து பாருங்கள். உள்ளே பாட்டியின் கடிதமோ, பள்ளி விழாப் படமோ பழுதின்றி இருக்கக்கூடும். பின்னர் பொருள் விளங்கப் புதுப்பெயர் இடுங்கள். புள்ளிக்குப் பின்வரும் எழுத்துகளை மட்டும் மாற்றலாகாது. கோப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்பதற்கு அவையே அடையாளம்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள், பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் அரிதின் முயன்று சேர்த்தார். அச்சேகரிப்பே 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகமாயிற்று. அத்துணை நூல்களுள் ஒன்றைத் தேடி எடுக்க உதவுவது பெயர்ப் பட்டியலன்றோ? நம் கோப்புகளுக்கும் அதுவே நியதி. 'படம் 1' என்னாமல் 'ஆண்டு விழா 2024' என எழுதுவோம். நாளை தேடி வரும் தங்கைக்கு அது பேருதவியாகும்!